இரண்டு பாங்கு

போட்காஸ்ட் செய்பவர்களுக்குத் துணிச்சல் அதிகம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். நான் செய்த நிகழ்ச்சியில் என் பெயரும் இல்லை, குரலும் இல்லை. பாலாவியில் ஓர் உப்பு முதலாளியின் கந்தோரில் எட்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை, யார் வேலைக்கு வந்தார்கள் என்று வரவு இடாப்பு எழுதிக்கொண்டிருந்தவள் நான். யுத்தம் முடிந்து பல வருடங்களாகியிருந்தன. ஆனாலும் வாயைத் திறப்பதற்கு முன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சி. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் வேலையைப் பற்றிக் கதைப்பார்கள். பதிவு செய்வது போனில், வெட்டி ஒட்டுவதும் அதே போனில். போகும் பஸ்ஸில் கேட்பேன், வரும் பஸ்ஸில் வெட்டுவேன். என் கேள்விகளையெல்லாம் எடுத்துவிடுவேன். பேசியவரின் குரலைக் கொஞ்சம் தடிப்பாக்குவேன். கொழும்பில் கலியாணம் முடித்திருக்கும் என் தங்கை, சேலை அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, நான் எழுதியனுப்பும் முன்னுரையை வாசித்து அனுப்புவாள். பிள்ளை அழுதால் மறுபடியும் முதலிலிருந்து. போனில் 'கடைசி', 'சரியான கடைசி', 'இதுதான் கடைசி' என்று ஒரு வரிசையே கிடக்கும். வியாழக்கிழமை பகல் சாப்பாட்டுப் பார்சலைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத நேரம் நிகழ்ச்சியை ஏற்றிவிடுவேன்.

எங்கள் உப்பளத்தில் வேலை செய்த ராத்தா ஒருவரிடம் கேட்டது என் ஆசை செய்த வேலை. ராத்தா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், எங்களில் மூத்தவர். சின்ன வயதில், யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்தவர். கணவர் மௌத்தான பிறகு இரண்டு பிள்ளைகளையும் இந்த வேலையில்தான் வளர்த்தார். வெயிலில் மயங்கி விழுந்த ஒருத்தியை, லொறிக்கு மூட்டை ஏற்றி முடியும்வரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் உப்புக்குவியலின் நிழலில் கிடத்தி வைத்த கதையை அவர் சொன்னார். சொல்லுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, இது நான்தான் எண்டு தெரிஞ்சா நாளைக்கே என்னை நிப்பாட்டிருவாங்க. பிறகு என்ட புள்ளைகளுக்கு ஆரு?"

"ஒருத்தருக்கும் தெரிய வராது ராத்தா. நான் பொறுப்பு."

இடாப்பு எடுக்கும் சாக்கில் போய், கிழக்குப் பக்க வாடிக் குடிசையின் ஓலை நிழலில் இருந்து பதிவு செய்தேன். நடுவில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. இருவரும் பேச்சை நிறுத்தினோம். முதலில் ஒரு பள்ளிவாசல் பாங்கு, அது பாதி போகும்போது தூரத்தில் இன்னொரு பள்ளிவாசல் பாங்கு. இரண்டும் முடிந்த பிறகுதான் ராத்தா மீதியைச் சொன்னார்.

வெட்டும்போது லொறிச் சத்தத்தை எடுத்தேன். ஊர்ப் பெயரை எடுத்தேன். பாங்குக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. பாங்கு சொல்லும்போது கையில் இருக்கும் வேலையை நிறுத்து என்று வளர்க்கப்பட்டவள் நான், அதைப் பாதியில் எப்படி வெட்டுவது? கொஞ்சம் மட்டும் வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. கடைசியில் முழுதாகவே விட்டுவிட்டேன். கேட்க அழகாகவும் இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் முதலாளியின் அறைக்குள்ளிருந்து தங்கையின் குரல் கேட்டது. யாரோ அவருக்கு நிகழ்ச்சியை அனுப்பியிருக்கிறார்கள். மேற்பார்வை செய்பவர் பக்கத்தில் குனிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தேள் கொட்டிய திருடன் போல நான் வாயை மூடிக்கொண்டு இடாப்பில் கோடு கீறினேன்.

"முதலாளி, கொஞ்சம் பின்னுக்குப் போடுங்க," என்றார் அவர். "ரெண்டு பாங்கு கேக்குது. இப்பிடி ஒண்டுக்குப் பின்னால ஒண்டு கேக்குறது எங்கட கிழக்கு வாடியடியில மட்டும்தான்."

"வாடியடியில எத்தின பொம்புளையள்?"

"ஆறு பேர்."

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "இடாப்பக் கொண்டா புள்ள. அந்த ஆறு பேரும் நாளையிலயிருந்து வேண்டாம் எண்டு எழுது. எந்த நாய் கடிச்சதெண்டு தேட எனக்கு நேரமில்ல."

பேனையை எடுத்தேன். ராத்தாவின் பெயர் மூன்றாவதாக இருந்தது. முதல் பெயரைக்கூட எழுத முடியவில்லை. பயத்தில்தான் சொன்னேன், வேறெதிலும் இல்லை.

"அந்த நிகழ்ச்சி நான் செஞ்சது முதலாளி."

அவர் சிரித்தார். மேற்பார்வையாளரும் சிரித்தார். "நீயா? கரப்பானுக்கே கதிரையில ஏறுற ஆளு நீ."

நிகழ்ச்சியின் கணக்கை என் போனில் திறந்து காட்டினேன். சிரிப்பு நின்றது.

"கதைச்சது ஆரு?"

சொல்லக்கூடாது என்ற உறுதியெல்லாம் இல்லை, நாக்கு ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் அஸர் பாங்கு தொடங்கியது. கந்தோரில் ஒரு பாங்குதான் கேட்கும். முதலாளி தொப்பியை எடுத்தார். "போனைத் திறந்தபடியே மேசையில வை. வுழூ செஞ்சிட்டு வந்து நானே கேக்குறன். நீ எங்க போகப் போறாய்?" என்று சொல்லிவிட்டு, தொழுகைக்குக் கை கால் கழுவ மேற்பார்வையாளரோடு பின்பக்கக் குழாயடிக்குப் போனார்.

வெட்டாத முழுப் பதிவு போனில் இருந்தது. குரல் மாற்றாதது. 'ராத்தா, அண்டைக்கு என்ன நடந்தது?' என்று நானே கேட்கும் கேள்வியோடு. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள், எனக்குக் கனம் மேசையில் இருந்தது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் கை நின்றது. குழாயை மூடும் சத்தம் கேட்டதும், பாங்கு முடியும்வரை நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெட்டிய பிரதிகளோடு சேர்த்துப் பதிவை அழித்தேன். அழித்தவை போய்ச் சேரும் இடத்துக்கும் போய் அங்கேயும் அழித்தேன். முதலாளி கால் நனைந்தபடி உள்ளே வந்தபோது பாங்கின் கடைசி வார்த்தை இன்னும் மிச்சமிருந்தது.

போனில் அவருக்குக் கிடைத்தது தங்கையின் பதினொரு முன்னுரைகள்தான். தன் முன்னாலேயே நிகழ்ச்சியையும் இணையத்திலிருந்து நீக்க வைத்தார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். உப்பு வாரும் காலம், ஆறு பேரை நிறுத்தினால் லொறிகள் காத்துக்கிடக்கும். கோபத்தையெல்லாம் என் மேல் கொட்டிவிட்டு அவர்களை விட்டுவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யாரோ பின்னால் வருவதாகவே இருந்தது.

பல மாதங்களுக்குப் பிறகு கற்பிட்டி பஸ்ஸில் ராத்தா என் பக்கத்து ஆசனத்தில் வந்து இருந்தார். என்னைப் பார்க்காமல், முன்னால் பார்த்தபடியே கதைத்தார்.

"தங்கச்சி, என்ட குரல் மாத்தாதது ஒண்டு வெச்சிருக்கிறீங்களா? மகள் பெரிய பிள்ளையாகிட்டாள். அவளுக்கு ஒருக்காக் கேட்கக் குடுக்கோணும். நான் வாயத் திறந்து இதச் சொன்னது அந்த ஒரு தரம்தான்."

"இல்ல ராத்தா. அழிச்சிட்டன்."

"எப்ப?"

"பாங்கு சொல்லக்குள்ள."

பாங்கு கேட்கும்போது செய்வது போல, அவர் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டார். எத்தாளையில் பஸ் நின்றதும், முன்னால் பார்த்தபடியே எழுந்து இறங்கிப்போனார்.