மந்திரிக்காத தொட்டி

குருப்பட்டம் பெற்று ராணிப்பேட்டைப் பக்கம் வந்த புதிது. தோல் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் இறங்கும் முன், பங்குச் சாமியாரை அழைத்து மந்திரிப்பது அங்கே வழக்கம். தீர்த்தச் செம்போடு நானும் போனேன்.

மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. உள்ளே ஒரே இருட்டு. இறங்கவிருந்த அந்தோணி என் பங்கைச் சேர்ந்தவர். சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

"இடுப்புக்குக் கயிறு எங்கே? முகமூடி?" என்றேன்.

"அதெல்லாம் இன்னாத்துக்கு ஃபாதர்? அதான் நீங்க மந்திரிக்கிறீங்களே!" என்று சிரித்தார்.

உயர்த்திய கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை காலமும் இவர்களைக் கயிறு இல்லாமல் இறக்கிவிட்டது எங்கள் கைதானா?

"இன்னிக்கு மந்திரிக்க மாட்டேன். யாரும் இறங்காதீங்க" என்றேன்.

மந்திரிக்காத தொட்டியில் இறங்க அந்தோணிக்கு மனம் வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டார். ஆட்களைக் கூட்டி வந்திருந்த மேஸ்திரி கோபப்படவே இல்லை. "பரவால்ல ஃபாதர். வேற சாமியாரைக் கூட்டிக்கிறோம்" என்று மூடியை இழுத்து மூடினார்.

குருத்துவம் என்றால் ஆசீர்வதிப்பது என்று நினைத்து வந்தவன் நான். இப்போதெல்லாம் போன் அடித்தால், எந்தத் தொட்டியில் யார் விழுந்தாரோ என்று, அதை எடுப்பதற்கு முன்பே என் கை, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழைத் தேடுகிறது.