பேர் பதியாத வேலை

நெடுந்தீவு இறங்குதுறைக்குப் பக்கத்தில் நண்டு வாங்குகிற கொட்டில் ஒன்று இருக்கிறது. தகரக் கூரை, ஒரு தராசு, ஐஸ் போட்ட வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள். அங்கேதான் நான் வேலை செய்கிறேன். ஆனால் யாராவது அதிகாரி கேட்டால் நான் வேலையில்லாதவன்.

எங்கள் வீட்டில் எனக்கு முதல் ஒருவரும் பள்ளிக்கூடத்தை முடித்ததில்லை. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நான் புவியியலில் பட்டம் எடுத்துக்கொண்டு வந்த கிழமை வேதக் கோயிலில் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தார். அன்றிலிருந்து கரையில் அவருக்கு ‘பி.ஏ.யின்ரை தேப்பன்’ என்று பேர். பகிடிக்குத்தான் தொடங்கினார்கள். அவர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. என்னை வள்ளத்தில் ஏற விடுவதையும் அன்றோடு நிறுத்திவிட்டார்.

பட்டதாரிகளுக்கு அரசாங்கம் நியமனம் கொடுக்கும் என்று காத்திருந்தோம். முந்தின காலங்களில் கொடுத்தும் இருக்கிறார்கள். எங்களுக்கு முதல் படித்து வெளியேறினவர்கள் பலர் அரசாங்கக் கந்தோர்க் கதிரைகளில் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தனியார் முதலாளி ஒருவர் ஒழுங்காக உன் பேரைப் பதிந்து, சம்பளத்தில் ஒரு பங்கைச் ஈ.பி.எஃப் என்கிற சேமலாப நிதிக்குக் கட்டினால் நீ வேலையில் இருக்கிறவன், உன்னைக் கழித்துவிடுவார்கள். புங்குடுதீவு அக்கா ஒருத்தி, கம்பஸில் எனக்கு மூத்தவள், யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் பேர் பதிந்து சில மாதம் கணக்கு எழுதினாள். அவளோடு படித்தவர்களுக்கு நியமனம் வந்தபோது அவளுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வேலைக்குப் போனால் முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல. “பேர் பதிவீங்களோ?” என்றுதான் கேட்போம். ஓம் என்றால் எழும்பி வந்துவிடுவோம்.

கொட்டிலில் பேர் பதிகிற வழக்கம் இல்லை. அதனால்தான் அங்கே போனேன். நாட்கூலி. நண்டைப் பெரிசு சிறிசாகப் பிரிப்பேன், நிறுப்பேன், ஐஸ் போட்டுப் பெட்டியைக் கட்டுவேன். என் சொந்த அக்காவின் புருசன் எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். நல்ல பாடு கிடைத்த நாளில் அவர் கொண்டுவருகிற நண்டின் காசை நான் கிழமை முழுக்க நின்றாலும் எடுக்கமாட்டேன். நல்ல மனிசன், ஆனால் வாய் சும்மா இராது.

“மச்சான், நீ படிச்சனி, சொல்லு பாப்பம். உனக்கு வேலை இருக்கோ, இல்லையோ?”

“இல்லை அத்தான்.”

“அப்ப என்ரை நண்டை நிறுக்கிறது ஆர்?”

வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இதில் பெரிய கூத்து விதானையார்தான். நான் வேலையில்லாதவன் என்று வருசா வருசம் உறுதிப்படுத்திக் கடிதம் தருகிற கிராம சேவகர் அவர். சனிக்கிழமைகளில் கறிக்கு நண்டு வாங்கக் கொட்டிலுக்கு வருவார். நிறுத்துக் கொடுப்பது நான். அவர் ஒன்றும் கேட்கமாட்டார், நானும் ஒன்றும் சொல்லமாட்டேன்.

போன மாரி முடிந்த கையோடு முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஊர்காவற்றுறை ஆள்.

“தம்பி, இனி வெளிநாட்டுக்கு நேரை அனுப்பப்போறன். எந்தக் கடல், எந்த வலை, ஆர் நிறுத்தது எண்டெல்லாம் அவங்கள் கேக்கிறாங்கள். கொட்டிலுக்குப் பொறுப்பா ஒராள் வேணும். நீர்தான் சரி. மாதச் சம்பளம், ஈ.பி.எஃப் எல்லாம் போட்டுத் தாறன்.”

என் படிப்பைப் பார்த்து ஒருவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“பேர் பதியாமல் அதைச் செய்யேலாதோ அண்ணை?”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “பேர் இல்லாத ஆளைப் பொறுப்பெண்டு எப்பிடிக் காட்டுறது? யோசிச்சு ஞாயிற்றுக்கிழமை சொல்லும்.”

வீட்டில் சொன்னபோது அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டார்: “மாதச் சம்பளம் எண்டால் மாதாமாதம் வருமே?” அப்பா முற்றத்தில் வலையின் அறுந்த கண்ணை முடிந்துகொண்டிருந்தார்.

“பதிஞ்சால் முடிஞ்சுது. பிறகு நீ நண்டுக்காரன்.”

“இப்ப மட்டும் என்னவாம்?”

“இப்ப நீ உத்தியோகம் வரப்போற பெடியன். அவன்ரை கொட்டிலிலை சும்மா ஒத்தாசைக்கு நிக்கிறாய்.”

“உத்தியோகம் வராட்டி?”

அவர் அடுத்த கண்ணை இழுத்து முடிந்தார். “இவ்வளவு காலம் பாத்திட்டு இப்ப விட்டால், பாத்த காலமும் சேர்ந்தெல்லோ போகும்.”

கோபித்திருந்தால் மீறியிருப்பேன். ஆனால் இதையேதான் நானும் இராப்பகலாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் பேர் பதிந்த அடுத்த மாதமே நியமனம் வந்துவிட்டால்? காத்திருப்பு நீள நீள, அதை விட்டு எழும்புவது லேசாகும் என்று நினைத்திருந்தேன். அது மறுவளமாகத்தான் நடக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் முதலாளியிடம், “ஏலாது அண்ணை” என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை.

அந்த வேலைக்கு ஒரு பிள்ளை வந்தாள். உயர்தரப் பரீட்சை சரிவராதவள். நான் படித்துவிட்டு வந்த புதிதில், சும்மா இருக்க வெட்கமாக இருந்ததால் கோயில் மண்டபத்தில் பின்னேர வகுப்பு நடத்தினேன். அதில் முன்வரிசை வாங்கில் இருந்தவள். கொட்டிலில் ஒரே ஒரு கதிரை, அது இப்போது அவளுடையது. நான் பெட்டி தூக்கிக்கொண்டு உள்ளே போனால் பாதி எழும்புவாள்.

“சேர், குறை நினைக்காதேங்கோ, உந்தப் பெட்டிக்கு ஐஸ் காணாது.”

“போடுறன் பிள்ளை, நீர் இரும்.”

பின்னேரம் மற்றவர்களின் கூலியைக் கையில் கொடுப்பாள். எனக்கு மட்டும் ஒரு கடித உறைக்குள் வைத்துத் தருவாள். நான் காசை எடுத்துக்கொண்டு உறையைத் திருப்பிக் கொடுப்பேன், நாளைக்கு உதவும் என்று.

நியமனம் பற்றி இப்போது வேறு கதைகள் வருகின்றன. போட்டிப் பரீட்சையாம், வயது எல்லையாம். எனக்கு முப்பது தாண்டிவிட்டது.

போன சனிக்கிழமை விதானையார் வந்தார். கடிதம் புதுப்பிக்க வேண்டிய மாதம். முதுகு ஓட்டை அமத்திப் பார்த்துச் சதைப்பிடிப்பான நண்டுகளாகப் பொறுக்கித் தராசில் வைத்தேன். பிள்ளை விலையைச் சொன்னாள். அவர் காசைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“என்ன தம்பி, வேலை ஏதும் சரிவந்ததே?”

நக்கல் இல்லை. கடிதம் எழுத முதல் கேட்கவேண்டிய கேள்வி அது. பிள்ளை குனிந்து மேசையில் எதையோ தேடினாள்.

“இன்னும் இல்லை ஐயா.”

“அப்ப திங்கள் வாரும், எழுதித் தாறன்.”

நண்டுப் பையின் வாயை முடிந்து அவர் கையில் கொடுத்தேன்.