ஆறு தண்ணி

எனக்குச் சந்தேகப் புத்தி. பால் பாக்கெட்டை வெட்டியதும் முகர்ந்து பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனாலும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். வீட்டில் இதற்குத் திட்டு வாங்காத நாளில்லை. தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த மயிலாப்பூர் ரத்தப் பரிசோதனை லேபில் மட்டும் இதற்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது.

அங்கே ரத்தம் பிடிக்கும் கண்ணாடி பாட்டில்களைக் கழுவித் திரும்பவும் உபயோகிப்போம். சர்க்கரை பார்க்கிற பாட்டிலில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு வெள்ளைத் தூள் போட்டிருக்கும். அதில் பொட்டாசியம் உண்டு; ரத்தத்திலுள்ள கால்சியத்தையும் அது பிடித்துக்கொள்ளும். மற்றப் பரிசோதனைகளுக்கு வெறும் பாட்டில்தான். தூள் ஒட்டியிருந்தால் வம்பு என்பதால் எல்லாவற்றையும் ஆறு தண்ணி விட்டு அலச வேண்டும். ஆயாவை நம்பாமல் அந்த வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சைதாப்பேட்டையிலிருந்து ஒரு பெண் ரத்தம் எடுக்கப் புதிதாகச் சேர்ந்திருந்தாள். நல்ல கை, ஊசி ஏறுவதே தெரியாது. அதனாலேயே அவள்மேல் எனக்கு ஒரு கண். வெறும் பாட்டிலில் ரத்தம் குறைந்தால் சர்க்கரை பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிடுவாளோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் காலை மந்தைவெளியிலிருந்து பாட்டு டீச்சர் மாமி ஒருவர் வந்தார். கிட்னி தகராறு. பொட்டாசியம் ஏறியிருந்தால் அன்றைக்கே அட்மிட் ஆகி டயாலிசிஸ் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். மாற்றுப் புடவை, சோப்பு, டம்ளர் வைத்த பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்தான் ரத்தம் எடுத்தாள்.

பொட்டாசியம் ஏழு வந்தது. ஐந்தரையைத் தாண்டினாலே நாங்கள் டாக்டருக்குப் போன் பண்ணுவோம். மறுபடி வைத்தேன், அதே ஏழு. சந்தேகத்தில் கால்சியமும் பார்த்தேன். அதல பாதாளத்தில் இருந்தது. அவ்வளவு குறைந்தால் விரல்கள் இழுத்துக்கொள்ளும். மாமியோ தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இது தூளின் வேலைதான். ஆள் அகப்பட்டாள் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட.

"சர்க்கரை பாட்டில்லேருந்து ஊத்தினியா?"

"இன்னாக்கா சொல்றீங்க? சத்தியமா ஊத்தல. ஒரே தபா இழுத்ததுலயே பாட்டில் ரொம்பிடுச்சுக்கா."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் சத்தியம்தான் பண்ணுவாங்க" என்றேன், பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி. அவள் கண் கலங்கியது. அதையும் நான் நம்பவில்லை.

ஊசியை நானே எடுத்தேன். மாமி பயந்துவிட்டார். "மறுபடியுமா? ஜாஸ்தியா இருக்கா? மறைக்காம சொல்லிடும்மா. ஆத்துச் சாவியைக்கூட எதிராத்துல குடுத்துட்டு வந்திருக்கேன்."

"ஒண்ணுமில்ல மாமி. அந்தப் பொண்ணு சரியா எடுக்கல."

நானே எடுத்த ரத்தம், நானே நிரப்பிய பாட்டில். யாரையும் கிட்டே விடவில்லை. ஆறு புள்ளி எட்டு வந்தது.

சந்தேகப்பட ஆளே மிச்சமில்லை. ஸ்டாண்டிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் மெல்லிசாக வெள்ளை. அடுத்ததிலும் அப்படியே. முந்தின நாள் தண்ணி லாரி வரவில்லை. பக்கெட்டில் இருந்ததை வைத்து ரெண்டு தண்ணியோடு நிறுத்தியிருந்தேன். காலையில் ரத்தம் உறைய நேரமானபோதுகூட, மார்கழிக் குளிர்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரையே சந்தேகப்பட்டவள் என் கையை மட்டும் பார்க்கவில்லை.

அன்றைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, பிரிக்காமலிருந்த புதுப் பாட்டில் பெட்டியைப் பிரித்தேன். பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றேன். "மாமி, தப்பு என்னோடது. பாட்டிலை நான்தான் சரியாக் கழுவல. இந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல."

மாமி கையை அவள் பக்கம் நீட்டினார். "நீயே எடும்மா."

அந்தத் தடவை நாலரைதான் வந்தது. மாமி பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போனார். ஆனால் எனக்கு மறக்காதது, ரத்தம் எடுப்பதற்கு முந்தின நிமிஷம். நான் நீட்டிய புதுப் பாட்டிலை அவள் வாங்கினாள். என் எதிரிலேயே ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் பிடித்து அடியைப் பார்த்தாள். அப்புறம்தான் ஊசியை எடுத்தாள்.