மினுக்கு அக்கா தேய்த்த காசுகள்

மருத்துவமனையில் எல்லோரும் அவளை மினுக்கு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கைப்பிடி, குழாய், கட்டிலின் இரும்புக்கால், எதைக் கொடுத்தாலும் முகம் பார்க்கிற மாதிரி தேய்த்துவைப்பாள். பதினோரு வருடத் துப்புரவு வேலையில் அவளுக்கு மிகவும் பிடித்த இடம் குழந்தைகள் பிரிவின் கூடத்தில் இருந்த மீன் தொட்டி. பிள்ளை குணமாக வேண்டும் என்று பெற்றவர்கள் அதில் செம்பு நிறச் சில்லறைக் காசைப் போடுவார்கள். ஒவ்வொன்றும் ஒருவருடைய வேண்டுதல் என்பதால் எடுத்துவிட அவளுக்கு மனம் வராது. சனிக்கிழமைதோறும் அள்ளி, கம்பி நாரால் பளபளவென்று தேய்த்துத் திரும்பவும் தண்ணீரிலேயே போட்டுவிடுவாள்.

திடீரென்று ஒரே வாரத்தில் மூன்று மீன்கள் செத்து மிதந்தன. மீதி ஐந்தும் இரையைத் தொடாமல் மூலையில் ஒதுங்கின.

"நோயாளிப் பிள்ளைங்க வர்ற இடத்துல செத்த மீனா? வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா தொட்டிய மூடிடுவேன்" என்றார் மேலாளர்.

மீன் தவிர தொட்டிக்குள் இருந்தது காசு மட்டும்தான். ஒரு கை காசை அள்ளிக்கொண்டு பரிசோதனைக்கூடத் தம்பியிடம் போனாள். அவன் ஒரு காசை விரலால் அழுத்தினான். முட்டை ஓடு மாதிரி நொறுங்கியது. உள்ளே குழி குழியாக அரித்து, வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

"இது முழுச் செம்பு இல்லக்கா. உள்ள துத்தநாகம். மேல செம்பு, பேருக்கு ஒரு தோல். அது கீறிட்டா உள்ள இருக்கறது கரைஞ்சு தண்ணில கலக்கும். மீனுக்கு அது விஷம். ஆமா, யாரு இதை இப்படிச் சுரண்டினது?"

"நான்தான்பா. சுத்தமா வச்சிருக்கேன்னு நெனச்சேன்."

"நல்லா வச்சீங்க, போங்க."

அவள் நேரே மேலாளரிடம் போய், தன் கைவேலைதான் என்று ஒப்புக்கொண்டாள். பிறகு ஒரு காசு விடாமல் பொறுக்கி எடுத்தாள். தொட்டித் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, முந்தின நாளே பிடித்துவைத்த தண்ணீரை ஊற்றினாள். காசு போடுவதற்குத் தொட்டியின் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடியை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மேலாளர் தொட்டியை மூடத் தச்சரோடும் பலகையோடும் வந்தார். அவள் ஒரு சிட்டிகை இரையைத் தூவினாள். ஒரு மீன் மூலையை விட்டு மெல்ல மேலே வந்து, ஒரு துணுக்கை வாயில் எடுத்தது. பின்னாலேயே இரண்டு வந்தன.

"பலகைய இங்கயே எறக்கட்டுமாங்க?" என்றார் தச்சர்.

"மெதுவாப் பேசுங்கண்ணே, சாப்பிடுதுல்ல" என்றாள் அக்கா.

மேலாளர் பலகையைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிக் கைகாட்டினார்.