ஆத்தாளும் வண்டியில் ஏறட்டும்

அஞ்சேல் என்று வலக்கரம் காட்டி நிற்கும் அன்னையே, இந்த வாரமும் என் எழுத்துக்கு முன்னே நீ நட. அடியேனை அச்சம் பிடித்திருக்கிறது. ஆகையால் சற்று அருகிலேயே நட.

இன்று சித்திரை மாதத்துத் திங்கட்கிழமை. வளர்பிறை. சிறுவாச்சூர்க் காளியம்மன் சந்நிதி திறந்திருக்கும் நாள். நல்ல நாளில் நல்ல சேதியோடு தொடங்குவது இந்தப் பத்தியின் வழக்கம். சேதி இருக்கிறது... அது நல்லதா என்றுதான் தெரியவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரில் தரிசனம் முடித்து, குங்குமப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பாடாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். என் தம்பி மகள் தனலட்சுமியின் வீடு அங்கேதான். அவள் கணவர் செல்வராசு நெடுஞ்சாலையோரம் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். ஒரே மகள் காவியாவுக்கு எட்டு வயது. மூளையில் கட்டி. அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து, முடி வளர்ந்து, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைக்கு அந்தக் கட்டி மறுபடியும் வந்தது.

மறுபடி வந்தால் என்ன செய்வது? இரண்டாம் முறையும் கட்டியை எடுத்த சென்னை மருத்துவர் ஒரு புதிய சிகிச்சையைச் சொன்னார். இன்னும் ஆராய்ச்சியில் இருப்பது. பலிக்கும் என்று உறுதி கூற முடியாதது. இம்யூனோதெரபி என்று பெயர். தனலட்சுமி அதை எனக்குப் பஞ்சர் கடைக்காரர் மனைவியாகவே விளக்கினாள்.

"ஒடம்புக்குள்ள செக்போஸ்ட்டுல ஆளெல்லாம் இருக்காங்க பெரியப்பா. ஆனா இந்தக் கட்டி நம்பர் பிளேட்ட மாத்திக்கிட்டுப் போவுது. இவ ரத்தத்துலேருந்தே கொஞ்சம் அணுவ எடுத்து, வெட்டுன கட்டியக் காட்டி, 'பாத்துக்க, இதான் அந்த லாரி'ன்னு சொல்லிக் குடுத்து, ஊசியாத் திரும்ப ஏத்துறாங்களாம்."

ஊசி போட்டு அனுப்பும்போது மருத்துவர் ஓர் எச்சரிக்கையும் செய்திருந்தார். காய்ச்சல் வரலாம். ஆனால் காய்ச்சலோடு வாந்தியோ, விடாத தூக்கமோ சேர்ந்தால் தலைக்குள் வீக்கம் என்று பொருள். ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

வெள்ளியன்று அந்த வீட்டு வாசலை அடைந்தபோது நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

செல்வராசு ஓடி வந்து கையை நீட்டித் தடுத்தார். "உள்ள வராதீங்க மாமா. ஆத்தா வந்திருக்கா."

காவியாவுக்கு முந்தைய நாளிலிருந்து காய்ச்சல். கையிலும் மார்பிலும் சிவந்த தடிப்புகள். அதே தெருவில் இரண்டு வீடுகளில் அம்மை. பங்குனி, சித்திரை வெயிலில் நம் பக்கத்தில் இது புதிதா என்ன? பிள்ளையை வேப்பிலையில் கிடத்தி, இளநீர் கொடுத்து, வீட்டில் தாளிப்பதை நிறுத்திவிட்டார்கள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வாசற்படி தாண்டக் கூடாது. மருந்து, மருத்துவமனை என்று பேச்சே எடுக்கக் கூடாது. இந்த முறையை நானும் அறிவேன். என் வீட்டிலும் அப்படித்தான் காத்தோம்.

ஜன்னல் வழியே அழைத்தேன். "காவியா... தாத்தா வந்திருக்கேன்மா."

மற்ற நாளாக இருந்தால், "தாத்தா, பாட ஆரம்பிச்சுடாதீங்க, எனக்குத் தூக்கம் வந்துடும்" என்று கேலி வரும். என் பக்திக்கு அவள் கொடுக்கும் மரியாதை அவ்வளவுதான். அன்று கண்ணை அரைவாசி திறந்தாள். மூடிக்கொண்டாள். அந்தக் கேலிக்காக என் காது எப்படி ஏங்கியது தெரியுமா?

"நேத்துலேருந்து இப்புடித்தான் தூங்குறா பெரியப்பா" என்றாள் தனலட்சுமி. "டாக்டருக்கு ஒரு போன் போடுறேங்குறேன், விட மாட்டேங்குறாரு. நீங்க சொல்லுங்க. கோயிலு குளமுன்னு இருக்குற மனுசன் நீங்க. இது ஆத்தாளா, ஊசியா?"

அன்பர்களே, நான் என்ன சொல்ல?

அன்னையைப் பற்றிய பதிகங்கள் எத்தனையோ எனக்கு மனப்பாடம். அந்த நேரத்தில் ஒன்றை முணுமுணுக்கத் தொடங்கினேன். முதல் வரி வந்தது. இரண்டாம் வரி வரவில்லை. மருத்துவமனைக்குப் போ என்று சொல்லி, உண்மையில் ஆத்தாளே வந்திருந்தால்? இரு என்று சொல்லி, இந்தப் பிள்ளை கண்ணைத் திறக்காமலே போய்விட்டால்? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது காவியா வாந்தி எடுத்தாள்.

தனலட்சுமி யாரையும் கேட்கவில்லை. செல்போனை எடுத்தாள். மருத்துவர் பேசியது எனக்கும் கேட்டது. "அம்மையா இருந்தாலும் இந்தக் குழந்தைக்கு ஆபத்துதாம்மா. வாந்தியும் தூக்கமும் சொல்றீங்க, அது அம்மை மாதிரி இல்ல. சென்னை வரைக்கும் வேணாம். உடனே திருச்சிக்குப் போங்க, அங்க நான் பேசி வைக்கிறேன்."

செல்வராசு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வேணாம் தனம். அம்மைன்னா வந்துட்டுப் போயிடுவா. தண்ணி ஊத்திட்டா முடிஞ்சிது. இது கட்டின்னு சொல்லிட்டாங்கன்னா... நான் எங்க போவேன்?"

அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். மருத்துவரின் எச்சரிக்கையைக் கேட்டவர் அவர். ஒரு சொல் விடாமல் நினைவில் வைத்திருந்தவரும் அவர்தான். அச்சம் முற்றும்போது நாம் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்... தாங்கக்கூடிய ஒரு பெயரைத் தேடி எடுத்து நோய்க்குச் சூட்டிவிட்டார்.

தனலட்சுமி நிலையில் தொங்கிய வேப்பிலைக் கொத்தைக் கழற்றினாள். எதிர்வீட்டு டாட்டா சுமோவின் பின் இருக்கையில் பரப்பினாள். பிள்ளையைத் தூக்கி அதன்மேல் கிடத்தினாள்.

"ஆத்தா வந்திருக்கான்னா அவளும் வண்டியில ஏறட்டும். அவள விட்டுட்டா போறோம்? ஏறுங்க நீங்களும்."

செல்வராசு எழுந்தார். பிள்ளையின் காலருகே ஏறி உட்கார்ந்தார். குங்குமப் பொட்டலத்தை ஜன்னல் வழியே நீட்டினேன்; வாங்கிக்கொண்டார். எத்தனை வருடமாகப் பாடியும் எனக்குத் தோன்றாத ஒன்று தனலட்சுமிக்குத் தோன்றியது. வாசற்படியைத் தாண்டினால் கோபித்துக்கொள்கிறவள் தாய் ஆவாளா?

திருச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். அம்மை இல்லை. தடிப்புகள் ஊசியால் வந்தவை. தலைக்குள் வீக்கம். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால்... என்று தொடங்கிய மருத்துவர் முடிக்கவில்லையாம். வீக்கம் வற்ற மருந்து ஏற்றியிருக்கிறார்கள். படுக்கையில் வேப்பிலை கூடாது என்று நர்ஸ் சொல்ல, செல்வராசு கெஞ்ச, "சரி, ஜன்னல்ல வைங்க" என்றாராம் மருத்துவர்.

ஆனால் அந்த வீக்கம் எதனால்? சொல்லிக் கொடுத்து அனுப்பிய அணுக்கள் கட்டியோடு போராடுவதாலா? அல்லது கட்டியே மறுபடி வளர்வதாலா? இரண்டும் ஸ்கேனில் ஒன்றுபோலத்தான் தெரியுமாம். காத்திருந்து, மீண்டும் படம் எடுத்துத்தான் சொல்ல முடியுமாம். ஒரே படம், ஒன்று வாழ்வு, மற்றொன்று... அந்தச் சொல்லை இந்த நல்ல நாளில் நான் எழுத மாட்டேன்.

இன்று காலை போனில் பேசினேன். பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல்: "யாரு, தாத்தாவா? பாட வேணாம்னு சொல்லும்மா."

பாடவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன். அச்சம் போகவில்லை; அடுத்த படம் வரும் வரை போகாது.

இதைப் படிக்கும் உங்கள் அனைவரையும் அன்னை காக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால், அது வெறும் காய்ச்சலாகவே இருக்கட்டும்.