மீன் பைக்காக வாங்கிய கிராஷ் கார்டு

எங்கள் தீவின் ஷாதிபூர் கடையில், பைக்குக்கு முன்னால் பொருத்தும் கம்பியான கிராஷ் கார்டு வாங்கப் போனோம். பளபளவென்று இருந்த சின்னதை எடுத்தேன். “அதுல மீன் பையை எங்கங்க மாட்டுறது? அந்த அகலமானதை எடுங்க” என்றாள் மனைவி. அரைமனதாக வாங்கினேன்.

ஒரு மழைநாள். சிப்பிகாட் சாலை வளைவில், கார்டில் மாட்டியிருந்த மீன் பை ஆடி முன்சக்கரத்தில் சிக்க, இருவரும் வண்டியோடு சாய்ந்தோம். “பைர் டீக் ஹை?”, கால் நல்லா இருக்கா என்று இந்தியில் கேட்டுப் பதறி ஓடிவந்தவர்கள் என் காலைத்தான் பார்த்தார்கள். அகலமான அந்தக் கம்பி வண்டியைத் தாங்கிக்கொண்டதால் கால் தப்பியது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். நசுங்கியது மீன்தான்.

இப்போது கார்டில் எதையும் மாட்டுவதில்லை. பை அவள் மடியில் வருகிறது. உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் கார்டுக்கு நான் எண்ணெய் தடவும்போதெல்லாம், “யாரு எடுத்த கார்டு?” என்பாள்.

“நீதான் தாயி” என்பேன்.