ஊருணி நீர்வரத்தில் ஓர் எருக்குழி

அறுபதுகளின் கடைசியில், எருவை நிழலில் மட்கவைத்தால் சத்து வீணாகாது, நாற்றமும் குறையும் என்று ஒரு துண்டுப் பிரசுரத்தில் படித்தேன். காரைக்குடிக்கு அருகே இருந்த எங்கள் வீட்டுப் பக்கத்தில் நிழல் என்றால் ஒரு புளியமரம்தான். அதனடியில் குழி வெட்டித் தொழுவத்துச் சாணத்தையெல்லாம் கொட்டினேன். ஊரே குடிக்கும் ஊருணிக்கு மழைத்தண்ணீர் போகும் வழி அது. எனக்குத் தெரியாததல்ல, பிரசுரத்தில் இல்லாததால் நினைக்கவில்லை.

ஐப்பசியில் பெருமழை. விடிந்தபோது ஊருணி கடுங்காப்பி நிறத்தில் கிடந்தது. குடத்தோடு வந்த பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்:

"எருவுக்கு நெழலு பாத்தீகளே தம்பி, தண்ணி எங்குட்டு ஓடும்னு பாக்கலையா?"

"நாலு நாள்ல தெளிஞ்சிரும்க்கா."

"அதுவும் அந்தத் தாள்ல போட்டிருக்காக்கும்?"

அன்றே குழியிலிருந்த எருவை அள்ளி, ஊருணிக்குக் கீழே தாழ்வான பக்கம் மாற்றி, சுற்றிலும் கரை கட்டினேன். ஊருணி தெளியவில்லை. அடுத்த மழைக்காலம் வரை பெண்கள் பக்கத்து ஊருக்கு நடந்து தண்ணீர் எடுத்தார்கள். எங்கள் வாசலைக் கடக்கும்போது மட்டும் பேச்சு நிற்கும். குடங்கள் உரசுவது கேட்கும். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இன்றும் எந்த ஊரில் யார் தண்ணீர் கொடுத்தாலும், தம்ளரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த பிறகே குடிக்கிறேன்.